தொண்டருக்குச் சம்பளம்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்திருந்தான். பகலில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுபவன். இரவில், எவருடைய சம்பளத்துக்கும் அல்லாமல், ஒரு சிறிய கட்டற்ற மென்பொருளுக்காகப் பத்துப் பன்னிரண்டு பேருடன் சேர்ந்து உழைப்பவன். வழக்கமாகச் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவான். அன்று குரலில் கோபம் இருந்தது.

“மாமா, எங்கட புரொஜெக்டுக்கு நன்கொடையாக் கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு. அதில ஒராளுக்கு ஆறு மாசம் சம்பளம் குடுத்து முழுநேரமா வேலை செய்ய விடலாம் எண்டு சிலபேர் சொல்லுகினம். நான் மாட்டன் எண்டு நிக்கிறன். நான் சொல்லுறது பிழையோ?”

“ஆருக்குத் தம்பி குடுக்கப் போகினம்?”

சற்று நேரம் மௌனம். “அதுதான் மாமா பிரச்சினை.”

கலைப்பட்டதாரியான எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால், சம்பளம் வாங்குபவனும், வரிக்கணக்கில் சன்மானம் வாங்குபவனும், ஒரு சதமும் வாங்காதவனும் ஒரே பக்கத்தில் எழுதும் தொழிலில் என் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். அதனால்தான் 2006ஆம் ஆண்டில் டெபியன் என்ற மென்பொருட் சமூகத்தில் மூண்ட சண்டையை அப்போதே ஆர்வத்தோடு பின்தொடர்ந்தேன். மருமகனிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கு விரிவாக எழுதுகிறேன்.

டெபியனை அறியாத வாசகர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1993 ஓகஸ்டில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டொக் தொடங்கிய இயங்குதளம் அது. தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார். லினக்ஸ் கருவைச் சுற்றி ஆயிரக்கணக்கான மென்பொருட்களைப் பொதிகளாக்கி, ஒன்றோடொன்று முரண்படாதவாறு கோத்து, எவரும் இலவசமாகப் பெற்று மாற்றிப் பயன்படுத்தக் கொடுப்பதே அதன் பணி. இணையத்தின் வழங்கிகளில் பெரும் எண்ணிக்கையானவை அதிலோ அதன் வழித்தோன்றல்களிலோ இயங்குகின்றன. அதற்கு முதலாளி கிடையாது. 2006இல் ஏறத்தாழ ஆயிரம் உருவாக்குநர்கள் பல நாடுகளிலிருந்து தன்னார்வமாக உழைத்தனர். அவர்களுக்கென ஒரு யாப்பு உண்டு. ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தெரிவு செய்வார்கள். நம் நாட்டின் பல சங்கங்களில் காணக் கிடைக்காத ஒழுங்கு.

அந்த ஒழுங்குக்கும் ஒரு வியாதி இருந்தது. சொன்ன தேதியில் எதுவும் வெளிவராது. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அதற்கடுத்த ‘சார்ஜ்’ 2005 ஜூனில்தான் வந்தது. இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அதே காலத்தில், தென்னாபிரிக்கச் செல்வந்தர் மார்க் ஷட்டில்வேர்த், டெபியனை அடித்தளமாகக் கொண்டு உபுண்டு என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார். டெபியனின் தேர்ந்த உருவாக்குநர் சிலரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, 2004 ஒக்டோபரில் முதற் பதிப்பை வெளியிட்டு, பின்னர் ஆறு மாதத்துக்கு ஒன்றாகத் தந்துகொண்டிருந்தார். தாய்வீட்டில் சமையல் ஆகவில்லை, மகள் வீட்டில் விருந்து நடக்கிறது என்ற நிலை.

2006இல் டெபியனின் தலைவராகத் தெரிவானவர் அவுஸ்திரேலியரான அந்தனி டவுன்ஸ். அவர் முன்னர் வெளியீட்டு முகாமையாளராகவும் இருந்தவர். வெளியீட்டு முகாமையாளரின் வேலை பத்திரிகையில் இரவுநேரப் பதிப்பாசிரியரின் வேலையைப் போன்றது. யார் எதை எழுதினாலும், எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது, எந்த வழு தீரும்வரை அச்சை நிறுத்தி வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு. புகழ் குறைவு, வசவு அதிகம். அடுத்த பதிப்பான ‘எட்ச்’ 2006 டிசெம்பர் 4ஆம் தேதி வெளிவரும் என்று அறிவித்தாயிற்று. அப்போது வெளியீட்டு முகாமையாளர்களாக இருந்தவர்கள் அமெரிக்கரான ஸ்டீவ் லங்காசெக்கும் ஜேர்மனியரான அன்ட்ரியாஸ் பார்த்தும். இருவரும் ஆளுக்கொரு மாதம் வேறு வேலைக்குப் போகாமல் இதில் மட்டும் ஈடுபட்டால் தேதியைப் பிடித்துவிடலாம்; அந்த மாதத்துக்கான வாழ்க்கைச் செலவை வெளியாரிடம் திரட்டிக் கொடுக்கலாம் என்று டவுன்ஸும் வேறு சிலரும் நினைத்தார்கள். செப்டெம்பரில் அதற்கென ஓர் அமைப்பை அறிவித்தார்கள். அதன் பெயர் ‘டங்க்-டாங்க்’. மேல்நாட்டுச் சந்தைத் திருவிழாக்களில் ஒருவரை நீர்த்தொட்டிக்கு மேலே ஒரு பலகையில் இருத்தி, பந்தெறிந்து விழுத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. அதை நினைவூட்டும் பெயர். தலைவர் விளையாட்டாகப் பெயர் வைத்தார். பந்துகள் உண்மையாகவே பறந்து வந்தன.

சிலர் அவரைப் பதவியிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது தோற்றது. இன்னும் சிலர் கேலியாக ‘டங்க்-பாங்க்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெளியீட்டைத் தடுக்கக்கூடிய வழுக்களைத் தேடித்தேடிப் பதிவு செய்வதே அவர்களுடைய வேலை. வழுவைக் கண்டுபிடிப்பதும் தொண்டுதானே, யார் குற்றம் சொல்ல முடியும்? பதினேழு உருவாக்குநர்கள் கூட்டறிக்கை விடுத்தார்கள். எல்லாவற்றிலும் என் மனத்தைத் தைத்தது வேறொன்று. டெபியனுக்கு ஒரு வாராந்தச் செய்தி மடல் இருந்தது. அதைப் பல ஆண்டுகளாக முன்னின்று நடத்தி வந்தவர் தம் ஊக்கம் வற்றிவிட்டது என்று கூறித் தம் உழைப்பைக் குறைத்துக்கொண்டார். மடல் வாரந்தோறும் வருவது நின்றது. எவரும் அவருடைய பணத்தை எடுக்கவில்லை. அவருக்கு முன்பும் சம்பளம் இல்லை, பின்பும் இல்லை. மாறியது ஒன்றுதான்: பக்கத்து மேசைக்காரருக்குச் சம்பளம் கிடைத்தது.

எட்ச் 2006 டிசெம்பர் 4இல் வரவில்லை. 2007 ஏப்ரல் 8இல் வந்தது. நான்கு மாதத் தாமதம். எதிர்த்தவர்கள் ‘சொன்னோமல்லவா’ என்றார்கள். ஆதரித்தவர்கள், பணம் கொடுத்திராவிட்டால் இன்னும் தாமதித்திருக்கும் என்றார்கள். இரண்டையும் நிறுவ வழியில்லை. ஆனால் வந்த பதிப்பு நல்ல பதிப்பு. 58 மொழிகளில் அதை நிறுவ முடிந்தது. முதன்முதலாக வரைகலை நிறுவி வந்ததால், நம்முடையதைப் போன்ற சிக்கலான எழுத்துக்களைத் திரையில் ஒழுங்காகக் காட்டவும் இயன்றது.

எதிர்த்தவர்களைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அன்று பலர் அப்படித்தான் ஒதுக்கினார்கள். அப்படிச் செய்ய எனக்கு அருகதையில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொழும்பில் நாங்கள் ஆறு பேர் ஓர் இலக்கியக் காலாண்டிதழ் நடத்தினோம். பெயர் வேண்டாம், ஏழு இதழ்களே வந்தன. பகலில் அவரவர் வேலை. இரவில் வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் அறையில் ஒப்புநோக்கல், பக்கம் கட்டுதல், முகவரி ஒட்டுதல். தேநீர்ச் செலவு முறை வைத்து. நாலாவது இதழ் வந்த பின்னர் ஐரோப்பாவிலிருந்த ஓர் அன்பர், பக்கம் கட்டும் நண்பருக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்புவதாக எழுதினார். இதழ் தாமதிப்பது பக்கக் கட்டில்தான் என்பது அவருடைய கணிப்பு. கணிப்புச் சரி. அந்த நண்பருக்கு அப்போது வேலையும் இல்லை. எவரும் வாய்திறந்து ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து ஒப்புநோக்க நான் போகும் இரவுகள் குறைந்தன. பிழை இருந்தால், ‘அவர்தானே காசு வாங்குகிறார், பார்க்கட்டும்’ என்று மனம் சொல்லியது. முன்னர் என் இதழில் பிழை வந்தால் எனக்கு நித்திரை வராது. இப்போது அது அவருடைய இதழாகிவிட்டது. ஏழாவதோடு எல்லாம் முடிந்தது. அவர் வாங்கிய தொகை ஒரு மாத அறைவாடகைக்கும் போதாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

பிரித்தானிய அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் இரத்ததானம் பற்றி எழுதிய நூலில் இதையொத்த ஒன்றைத்தான் வாதிட்டார். இரத்தத்துக்கு விலை வைத்தால், விலையின்றிக் கொடுக்க வருபவரின் மனம் மாறிவிடும் என்றார். அதை மறுத்தும் பொருளியலாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். என் அனுபவம் டிட்மஸின் பக்கம் சாய்கிறது. இருந்தும் மருமகனின் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை.

முதலாவது, ‘தூய தொண்டு’ என்று ஒன்று அங்கு எக்காலமும் இருந்ததில்லை. டெபியனின் ஆரம்பத்திலேயே, 1994 நவம்பர் முதல் ஓராண்டு காலம், ரிச்சர்ட் ஸ்டோல்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அனுசரணை வழங்கியது. 2006இல் டெபியனுக்கு உழைத்தவர்களிலும் பலருக்கு வேறெங்கோ இருந்து சம்பளம் வந்தது. கணினி நிறுவனங்களில் இருந்தவர்களுக்கும் உபுண்டுவில் இருந்தவர்களுக்கும், டெபியனுக்குச் செய்யும் வேலை தங்கள் வேலையின் ஒரு பகுதியே. அதை எதிர்த்து எவரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. வெளியிலிருந்து ஒரு கம்பனி சம்பளம் கொடுத்தால் அது அவருடைய அதிர்ஷ்டம். உள்ளிருந்து நம் ஆட்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அது அவமதிப்பு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் சண்டையின் பாதி விளங்கிவிடும். காசு கொடுத்ததைவிட, ‘உன் வேலை காசுக்குரியது, உன்னுடையது அல்ல’ என்ற தரம் பிரிப்பே புண்படுத்தியது. டங்க்-டாங்க் வெளி அமைப்புத்தான் என்று டவுன்ஸ் எவ்வளவோ விளக்கினார். தலைவரே முன்னின்று நடத்தும் ஒன்றை வெளி அமைப்பென்று யார் நம்புவார்?

இரண்டாவது, சம்பளம் கொடுக்காமல் விட்டதன் விலையை அதன் பின்னர் உலகம் கண்டுவிட்டது. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, வங்கிகள் முதல் மின்னஞ்சல் வரை பாதி உலகம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர் என்பது தெரியவந்தது. அதற்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். கொழும்பில் ஒரு நடுத்தரக் கலியாணத்தின் மண்டபச் செலவுக்கும் காணாது. அடுத்த ஆண்டு, ஜேர்மனியில் மின்னஞ்சல் மறைகுறியாக்கத்துக்கான குனூபிஜி மென்பொருளை 1997 முதல் ஏறக்குறையத் தனியாளாகக் காத்துவந்த வேர்னர் கொக் பணமின்றித் தவிப்பதாக ஒரு செய்தி வெளியானது. உடனே நன்கொடை குவிந்தது. பேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்குத் தலா 50,000 டொலர் தருவதாக வாக்களித்தன. ஒரு பத்திரிகைச் செய்தி உருப்படியான காரியத்தைச் செய்த அபூர்வமான சந்தர்ப்பம் என்பதால் இதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் பயங்கரம். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளைப் பின்லாந்துக்காரர் ஒருவர் பல்லாண்டுகளாகச் சம்பளமின்றிப் பராமரித்து வந்தார். 2022இல் அவர் தம் மனநலம் சரியில்லை என்றும், இது கூலியில்லாப் பொழுதுபோக்கு வேலைதான் என்பதை நினைவில் வைக்குமாறும் எழுதியிருந்தார். சில முகமற்ற பெயர்கள் ‘ஏன் தாமதம், வேறு யாரிடமாவது ஒப்படை’ என்று அவரை நெருக்கிக்கொண்டிருந்தன. உதவிக்கென்று நல்லவனாக வந்து சேர்ந்த ஒரு பெயர், இரண்டாண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, இறுதியில் உள்ளே ஒரு கள்ளக்கதவை வைத்தது. மைக்ரோசொஃப்டில் பணிபுரியும் அன்ட்ரெஸ் ஃப்றொயன்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகித்துத் துருவியதால் அது அகப்பட்டது. அவர் அதைக் கண்டது டெபியனின் சோதனைப் பதிப்பு ஒன்றில்தான். நிலையான பதிப்புக்கு அது போய்ச் சேர்ந்திருக்கவில்லை. களைத்த ஒரு தொண்டரிடம் களவாக வந்தவன் கேட்டது பணமல்ல, அவருடைய சுமையைத்தான். அதை நேர்மையாகப் பகிர்ந்துகொள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தால்?

ஆக, கொடுக்கத்தான் வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதற்கு டெபியனே பின்னர் ஒரு வழியைக் கண்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், பழைய பதிப்புகளுக்கு நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. பழைய பதிப்பில் ஓட்டை அடைப்பதென்பது பாடசாலைக் கூரைக்குத் தார் பூசுவதைப் போன்ற வேலை. தொண்டாக ஒருவரும் வரமாட்டார். ஆனால் பழையதையே வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அது தேவை. பிரான்சைச் சேர்ந்த டெபியன் உருவாக்குநர் ரஃபேல் ஹேர்ட்சொக்கின் ஃப்ரெக்ஸியன் நிறுவனம் அந்த நிறுவனங்களிடம் பணம் திரட்டி, வேலை செய்ய முன்வரும் உருவாக்குநர்களுக்கு மணிக்கணக்கில் கொடுக்கத் தொடங்கியது. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார், எதைத் திருத்தினார் என்று மாதாமாதம் பகிரங்க அறிக்கை. அதற்கும் முணுமுணுப்புகள் எழாமலில்லை. ஆனால் தலைவரை நீக்கத் தீர்மானம் வரவில்லை. அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. இருவரை மட்டும் பொறுக்கி எடுத்து முடிசூட்டவில்லை; யாரும் விரும்பாத வேலைக்கு, விரும்பும் எவருக்கும், ஒரே மணிக்கூலி. 2006க்கும் 2014க்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான்.

தமிழர்களாகிய நாமும் இதில் ஓர் அடி பட்டிருக்கிறோம். 2009இல் கூகிள் நிறுவனம், கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்ப்பித்தது. 2003 முதல் ஒரு சதமும் வாங்காமல் அதைக் கட்டி வளர்த்தவர்களை அவர்கள் முதலில் கேட்கவேயில்லை. தலைப்புகளைத் தீர்மானித்தது கூகிள். நடையோ, வாசிக்கவே பொறுமை வேண்டிய நடை. பிழையைச் சுட்டிக்காட்டினால் பதில் வராது. மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி சொற்கணக்கில் இருக்கலாம், உரையாடலுக்கு இல்லை. வங்காள விக்கிப்பீடியர்கள் இதை நிராகரித்தார்கள். தமிழர்கள் பேசிப் பார்த்தார்கள், நிபந்தனைகள் விதித்தார்கள், 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தங்கள் மதிப்பீட்டைப் பகிரங்கமாக வைத்தார்கள். அந்தப் பொறுமையை நான் மெச்சுகிறேன். பணத்தை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களைக் கேட்டுவிட்டுச் செலவழியுங்கள் என்றார்கள்.

மருமகனிடம் மறுநாள் நானே அழைத்துப் பேசினேன். சம்பளம் வேண்டாமென்று வாதிடாதே. யார் வாங்குவது என்பதை முன்வரிசைக்காரர் மூன்று பேர் அறைக்குள் இருந்து தீர்மானிக்க விடாதே என்றேன். உங்களில் எவரும் செய்ய மறுக்கும் வேலை எது என்று முதலில் பட்டியல் போடுங்கள். அந்த வேலைக்கு விலை வையுங்கள். விண்ணப்பத்தை எல்லோருக்கும் திறந்து விடுங்கள். கணக்கை மாதாமாதம் வெளியிடுங்கள். ஆறு மாதம் முடிந்த பின் அந்த மனிதரின் கதி என்ன என்பதையும் இப்போதே பேசுங்கள். 2006இல் அதைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு.

“அப்ப, காசு வாங்கிறவரோட நான் முந்தி மாதிரி வேலை செய்யலாம் எண்டு நினைக்கிறியளோ மாமா?” என்று கேட்டான்.

என் இதழ்க் கதையை அவனுக்கு அப்போதுதான் சொன்னேன். பக்கம் கட்டிய நண்பர் இப்போது ஒஸ்லோவில் இருக்கிறார். இருபத்தைந்து வருடத்துக்குப் பின் சென்ற ஆண்டுதான் அவருக்கு ஒரு கடிதம் எழுத எனக்குத் துணிவு வந்தது என்பதையும் சொன்னேன். அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கூட்டம் நடக்கவிருக்கிறது. எவருக்கும் பிடிக்காத வேலைகளின் பட்டியலை அவனே தயாரிக்கிறானாம். இதுவரை பதினான்கு சேர்ந்திருக்கின்றனவாம். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.